ஒன்பதுக்குப் பன்னிரண்டு ஜமக்காளம்: மூன்று வருஷம் புழங்கிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சாயம் போகும். கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் போகும். "போகவே போகாதுங்க" என்று எங்களிடம் அவர் சொன்னது அசல் ஜமக்காளத்தில் வடிகட்டின பொய். அது தெரிந்தும் இன்னொன்று வாங்கியிருக்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022 மார்கழியில் பவானியில் வாங்கினது. அகலம் ஒன்பது அடி, நீளம் பன்னிரண்டு அடி. 4,500 சொன்னார்கள், ஆத்தா, அதாவது எங்கள் பாட்டி, பேசி 4,200 ரூபாய்க்கு முடித்தாள். எடை ஒன்பதரை கிலோ. நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவன். மாட்டுத் தீவன மூட்டை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் வீடு கவுந்தப்பாடிப் பக்கம். ஆத்தா, அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுக்கு இரண்டு, நான், என் வீட்டுக்காரி, எங்களுக்கு இரண்டு. ஆக பதினொரு பேர். பெருந்துறையில் கட்டிக்கொடுத்த அக்கா வெள்ளிக்கிழமை சாயந்தரம் பிள்ளைகளோடு வந்துவிட்டால் பதினாலு. இத்தனை பேரும் ஒரே இடத்தில் உட்கார முன்பு ஒரு ஜமக்காளம் இருந்தது. 1981-ல் அம்மாவின் கல்யாணச் சீரோடு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தது. கடைசியில் எலி கடித்து ஓட்டை விழவும் அப்பா அதை மூன்றாக அறுத்துவிட்டார். ஒரு துண்டு இப்போதும் டிராக்டர் சீட்டில் கிடக்கிறது.

அது போன பிறகு சோபா செட் வாங்கினோம். அதுதான் தப்பு. மூன்று பேர் உட்காருகிற ஒன்று, ஒற்றை ஆளுக்கு இரண்டு, ஆக ஐந்து பேர். ஒற்றையில் ஒன்றை அப்பா ரிமோட்டோடு பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் கட்டிலுக்குப் போனார்கள், பெண்கள் அடுக்களையை விட்டு வரவில்லை, ஆத்தா திண்ணையிலேயே இருந்துவிட்டாள். ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் வீட்டில்தான் இருப்போம், ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நடுவில் அண்ணி, வண்டியில் வந்தவரிடம் "பவானி ஜமக்காளம்" என்று ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினாள். மெல்லிசு. டைல்ஸ் தரையில் சறுக்கிக்கொண்டு ஓடும். பையன்கள் ஒருத்தனை உட்கார வைத்து ஒருத்தன் இழுத்து ரயில் விட்டார்கள். ஆறே மாதத்தில் நடுவில் நூல் விட்டுப்போய்விட்டது. ஆத்தா ஒரு நாள்கூட அதில் உட்காரவில்லை. "இது சமக்காளமில்ல சாமி, லுங்கி" என்றாள்.

சரி, கிளம்பு என்று அவளையே கூட்டிக்கொண்டு பவானிக்குப் போனோம். எண்பத்து நாலு வயது அவளுக்கு. கூடுதுறையில் சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, பிறகுதான் கடை.

கடையில் முதலில் எடுத்துப் போட்டது பட்டு மாதிரி மினுங்குகிற நூலில் கரையும் பூவும் மயிலும் வைத்தது. கல்யாண வீட்டுக்கு அதைத்தான் எடுப்பார்களாம், பெயர்கூட நெய்து தருவார்களாம். ஆத்தா ஒரு பார்வையோடு சரி. "இதச் செவுத்துல மாட்டிக்கோணும். வரி போட்டதக் காட்டுங்க." சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று கோடு கோடாக இருக்குமே, அந்த முரட்டு நூல் ஜமக்காளம். அதை விரித்ததும் ஆத்தா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். ஓரத்தைப் பிடித்துக் கசக்கி விட்டாள், அது கசங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் ஒரு மூலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். மேலே எப்படியோ அடியிலும் அப்படியேதான் இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குமேல் என்னிடம் அவர் எதுவும் விளக்கவில்லை, பேச்சு முழுக்க ஆத்தாவோடுதான்.

அண்ணி வாங்கிய லுங்கிக் கதையைச் சொன்னேன். விசைத்தறியில் நெய்து பவானிப் பெயரில் விற்கிறார்கள் என்றார். 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய பதினொரு துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. இரண்டும் இருந்தும் வண்டிக்காரர் வரத்தான் செய்கிறார். வெளிநாட்டு மில் துணியோடு மல்லுக்கட்ட முடியாமல்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஊர் ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் முரட்டு நூலில் கோடு போட்ட விரிப்புக்கு மாறினார்கள் என்பார்கள். இப்போது அந்த விரிப்புக்கே மில் வந்துவிட்டது.

பின்பக்கம் தறி ஓடியது. குழித்தறி, நல்ல அகலம். அகலம் ஒரு ஆள் கைக்கு எட்டாது என்பதால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார்கள். குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவை இவர் தள்ள அவர் வாங்கி, அவர் தள்ள இவர் வாங்கினார். நாங்கள் நின்ற கால் மணி நேரத்தில் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷன் பெண்சாதியா என்று ஆத்தா கேட்டாள். ஆமாம் என்றார்கள். "அதானே" என்றாள்.

இனி வீட்டில் அது எப்படிப் புழங்குகிறது என்று சொல்கிறேன். ராத்திரிச் சாப்பாடு இதன்மேல்தான். சோபா ஆசாரத்துக்கு, அதாவது முன்கூடத்துக்கு, போய்விட்டது, இப்போது துவைத்த துணி போடுகிற இடம். ரசம் கொட்டினால் கறுப்பு வரியில் தெரியாது, மஞ்சள் வரியில் தெரியும். அதனால் மஞ்சளில் யாரும் உட்கார மாட்டார்கள், அது தட்டு வைக்கிற இடமாகிவிட்டது. வரிகளைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டதுதான் நாங்கள் எதிர்பாராதது. அண்ணன் மகளுக்குச் சிவப்பு, என் பையனுக்கு நீலம். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்கு ஏற்றி விரித்தால் அவரவர் வரியில்தான் படுப்பார்கள். தூக்கத்தில் புரண்டு எல்லை தாண்டினால் உதை. அக்கா பிள்ளைகள் வரும் அன்றைக்கு மறுபடி பாகப்பிரிவினை, பஞ்சாயத்துக்கு அப்பா.

கடலைக்காய் உரிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. விதைக் கடலைக்கு மூட்டையை நடுவில் கவிழ்த்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தால் பத்து மணிக்குள் ஒரு மூட்டை முடிந்துவிடும். உரிக்கிற கை உரிக்க, ஊர்க்கதை பாட்டுக்குப் போகும். ஆனால் தொல்லையும் அதில்தான். கடலைத் தொக்கு, அதாவது தோல், நூல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். விளக்குமாறு போட்டால் இன்னும் உள்ளே போகும். வெளியே தூக்கிப் போய் இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறவேண்டும். பொரி இன்னும் மோசம். பொரி தின்னும் வயதில் பிள்ளை இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

இப்போது அந்தச் சாயக் கதை. முதல் பொங்கலுக்கு முன்னால் துவைக்க எடுத்தோம். வாஷிங் மெஷின் பேச்சுக்கே இடமில்லை. வாய்க்காலுக்கு அண்ணனும் நானும் கொண்டுபோனோம், கூடவே அப்பாவின் வேட்டி இரண்டையும் முட்டாள்தனமாக அதே மூட்டையில் கட்டியிருந்தோம். தண்ணீரில் முக்கியதும் சிவப்பு கிளம்பியது பாருங்கள், படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து மேலே போய்விட்டார்கள். நனைந்த ஜமக்காளத்தை இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு நாலு மூலைக்கு நாலு ஆளாகப் பிடித்துப் பிழிந்தோம். காய இரண்டு நாள் ஆனது. வேட்டி இரண்டும் ரோஸ் ஆகிவிட்டது, அப்பா அவற்றைத் தோட்டத்துக்கு மட்டும் கட்டுகிறார்.

கடைக்குப் போன் போட்டேன். "கூடவே வேற துணி போட்டீங்களா?" என்று கேட்டு என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அடுத்த முறை அம்மா பெரிய அண்டாவில் கல்லுப்புக் கரைத்து ஒரு ராத்திரி ஊற வைத்தாள். அதன்பிறகு அவ்வளவாகப் போகவில்லை. உப்பு பிடித்து நிறுத்தியதோ, போகவேண்டிய சாயம் முழுக்க வாய்க்காலோடு போய்விட்டதோ, தெரியாது. வரிகளின் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, எனக்கு இப்படித்தான் பிடித்திருக்கிறது.

ஓர முடிச்சுகள் இரண்டாம் வருஷம் ஒரு பக்கம் அவிழ ஆரம்பித்தன. அந்தப் பக்கம் போனபோது எடுத்துப் போனேன். தறியில் இருந்த அந்த அம்மாவே வாங்கி, பேசிக்கொண்டே பத்து நிமிஷத்தில் மறுபடி முடிந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. போனில் பேசிய ஆள் அன்றைக்குக் கடையில் இல்லை.

மூன்று பேர் இருக்கிற ஃபிளாட்டுக்கு இந்த அளவு வேண்டாம், நாலுக்கு ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பதுக்குப் பன்னிரண்டை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. எங்கள் வீட்டில் கடைசியாக எழுந்திருக்கிற இரண்டு பேர் மடிக்கவேண்டும் என்று சட்டம். அதனால் ஒன்பதரை மணிக்குமேல் ஒரு விறுவிறுப்பு இருக்கும், ஒவ்வொருத்தராக நழுவுவார்கள். பெரும்பாலும் மாட்டுவது நானும் அண்ணியும்.

ஐந்துக்கு எத்தனை மார்க் என்று வீட்டில் கேட்டேன். அம்மா மூன்று என்றாள், துவைக்கிறவள் அவள். பிள்ளைகள் ஐந்து. ஆத்தா, "மார்க்குப் போட இது என்ன பள்ளிக்கூடமா?" என்றாள்.

போன மாதம் அக்கா தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அவளையும் ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அதே அளவு, இப்போது 4,800. அக்கா சிவப்பு வரியைத் தடவிப் பார்த்து, "சாயம் போகுங்களாண்ணா?" என்றாள்.

"போகவே போகாதுங்க."

ஆத்தா என் கையைக் கிள்ளினாள். "பணத்தக் குடு கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."