சிறுநீரகப் பூனைத் தீனி மூன்று வகை: வில்லங்கத்தின் தீர்ப்பு

எங்கள் பூனையின் பெயர் வில்லங்கம். காட்பாடியில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் வீட்டுப் பூனைக்கு வேறென்ன பெயர் அமையும்? பதினோரு வருடத்துக்கு முன்பு இந்த வீட்டை வாங்கியபோது பரண்மேல் குட்டியாகக் கிடந்தான். வில்லங்கச் சான்றில் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

போன மாசியில் குளியலறை வாளிக்குள் தலையை விட்டு மடக்மடக்கென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். 4.6 கிலோ இருந்தவன் 3.7 கிலோவுக்கு இறங்கியிருந்தான். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டித் தள்ள வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.1. மருத்துவர் தாளைத் திருப்பிக் காட்டி, "2.9 தாண்டினால் சிறுநீரக நோயில் மூன்றாம் நிலை ஐயா. மீன் தலையை இன்றோடு நிறுத்துங்கள். இனி மருந்துத் தீனிதான்" என்றார். சங்கரா மீன் தலையும் சோறும் பிசைந்து தின்று வளர்ந்த பிள்ளையைப் பற்றி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அந்தத் தீனியில் பாஸ்பரஸ் குறைவு, புரதம் குறைவு, உப்பும் அளவோடுதான். குறைந்த புரதத்துக்கு ஈடாகக் கொழுப்பைக் கூட்டியிருப்பார்கள். சிறுநீரகத்துக்கு நல்லதுதான், ஆனால் பூனை சம்மதிக்க வேண்டுமே. இந்த வகைத் தீனிக்கு மூலம் அமெரிக்காவில் மார்க் மோரிஸ் என்ற கால்நடை மருத்துவர் 1939-இல் ஒரு பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்காகச் செய்த உணவு. நாய்க்கு வைத்ததால் மோரிஸ் பிழைத்தார் என்பது என் கட்சி. பூனைக்கு இனிப்பே தெரியாது, அதை உணரும் மரபணு பழுதானது என்று 2005-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே சர்க்கரை தடவியும் ஏமாற்ற முடியாது. இன்னொரு வேடிக்கை, சாதாரணப் பூனைத் தீனிக்கு ருசி கூட்டப் பாஸ்பேட் உப்புகளைச் சேர்ப்பதுண்டு. இங்கோ பாஸ்பரஸைக் குறைப்பதுதான் முழு வேலையும்.

முதலில் வாங்கியது உலர் தீனி. சத்துவாச்சாரிக் கடையில் சின்னப் பை கேட்டேன். இரண்டு கிலோதான் வரும், அதுவும் சென்னையிலிருந்து வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் தடுப்பூசி மருந்து செய்யும் நிலையம் 1932 முதல் பக்கத்து ராணிப்பேட்டையில் இருக்கிறது, ஒரு பூனைக்குத் தீனி மட்டும் சென்னையிலிருந்து ரயிலேற வேண்டும். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். பையைப் பிரித்தால் வறுத்த தவிட்டில் நெய் ஊற்றிய வாசம். எனக்குப் பிடித்திருந்தது.

வில்லங்கம் குனிந்து முகர்ந்தான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு வலது முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றி மொசைக் தரையைப் பறண்டினான், மூன்று பக்கமும் நிதானமாக. மலம் கழித்துவிட்டு மணலைத் தள்ளுவானே, அதே அசைவு. "ஏங்க, மண்ணைப் போட்டு மூடுகிறான் பாருங்கள்" என்றாள் மனைவி. சமையலறைத் தராசில் 40 கிராம் நிறுத்து வைத்தது காலையில் 38 இருந்தது. அந்த இரண்டு கிராமும் எறும்பு கொண்டுபோனது. மொட்டைமாடியில் ஒரு பிடி போட்டேன். காகங்கள் ஒரு குறையும் சொல்லவில்லை.

இரண்டாவது, டப்பாவில் வரும் களி போன்ற தீனி. கரண்டியால் வெட்டினால் அல்வாத் துண்டுபோல் நிற்கும். மூன்று வாய் நக்கினான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அரைமணி நேரத்தில் அத்தனையையும் என் மேசைக்கடியில் வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து அந்த டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறான்.

இங்கேதான் நான் தீனியின் மேல் அபாண்டம் சுமத்தினேன். மருத்துவரிடம் சண்டை பிடிக்கப் போனபோது அவர் கேட்டார்: "உங்களுக்குக் குமட்டும்போது பிரியாணி வைத்தால் சாப்பிடுவீர்களா?" ரத்தத்தில் கழிவு ஏறினால் பூனைக்கு வயிறு புரட்டிக்கொண்டே இருக்குமாம். அந்த நேரத்தில் எதைத் தின்று வாந்தி எடுக்கிறதோ அதன் மேல் வெறுப்பு ஒட்டிக்கொள்ளுமாம். குமட்டல் ஊசி போட்டு, மூன்று நாள் வேகவைத்த கோழியை மட்டும் கொடுக்கச் சொன்னார். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடவே கூடாது, பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே ஆளைக் கொன்றுவிடும் என்றும் எச்சரித்தார். இந்த ஒரு வரியைத் தீனிப் பையின் மேலே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கலாம். கடைக்காரரும் சொல்லவில்லை.

ஊசிக்குப் பிறகு வாங்கியது மூன்றாவது வகை, குழம்போடு துண்டுகள் மிதக்கும் 85 கிராம் பாக்கெட். ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். முதல் நாள் கோழியோடு ஒரு தேக்கரண்டி மட்டும் கலந்தேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. வெந்நீர்ச் சொம்பில் பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன், கைக்குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல். இளஞ்சூட்டில் வாசம் எழுந்ததும் மேசைக்கடியிலிருந்து வருகிறான். குழம்பை நான்கு நிமிடம் நக்குவான். துண்டுகள் கழுவித் துடைத்து வைத்தாற்போல் தட்டில் மிஞ்சும். கரண்டியால் அவற்றை நசுக்கிக் குழம்போடு குழைத்த பிறகுதான் கணக்கு மாறியது. ஒன்பதாம் நாள் 50 கிராம் வைத்ததில் 11 மீதி. மனைவி கருவாட்டுப் பொடி ஒரு சிட்டிகை தூவலாமா என்று கேட்டாள். மருத்துவர் இருகை கூப்பினார்.

வேலூர் வெயிலுக்கு இது சங்கடமான சாப்பாடு. அக்னி நட்சத்திரத்தில் வெளியே ஒரு மணி நேரம் இருந்தால் நாற்றம் எடுக்கும். அதற்கு முன்பே எறும்பு சாரி கட்டிவிடும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் தட்டை வைக்கிறேன். வில்லங்கம் முதலில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறான். குடிக்கட்டும், அவனுக்கு அதுவும் வேண்டியதுதான்.

தட்டையான தட்டு, சின்ன அளவு, நாளைக்கு ஐந்து வேளை. மாதச் செலவு ஏழாயிரத்தைத் தொடுகிறது. கிரயப் பத்திரம் எழுதும் கூலியில் ஒரு பங்கு அவனுக்குப் போகிறது.

முதல் பைக்கு நான் செய்த அநியாயத்தையும் திருத்தி எழுத வேண்டும். குமட்டல் நின்று மூன்று வாரம் கழித்து, காகங்களுக்குப் போட்டது போக மூடிபோட்ட டப்பாவில் மிஞ்சியிருந்த உலர் தீனியில் பத்து மணிகளை இரவு வைத்துப் பார்த்தேன். கறுக் கறுக்கென்று தின்றான். இப்போது இரவுச் சாப்பாடு அதுதான். களி டப்பாக்கள் ஐந்து மட்டும் அலமாரியில் திறக்காமல் இருக்கின்றன. கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டாராம்.

நேற்று எடை 3.9 கிலோ. தராசில் நிற்கவைத்ததற்கு என் கையைக் கீறிவிட்டான், மூன்று மாதத்தில் முதல் தடவையாக.