ஊஞ்சல் ரூமா, பட்டன் பயிற்சியா? சின்னப் பிள்ளைங்களுக்கு எந்த ஓ.டி.?

ஓ.டி.ன்னா ஆக்குபேஷனல் தெரபி, பிள்ளைங்களை அன்றாட வேலைகளைச் செய்ய வைக்கற சிகிச்சை. ஆனா ஓ.டி.ன்னு போர்டு போட்ட எல்லா சென்டர்லயும் ஒரே சிகிச்சை நடக்கறதில்ல. ஒரு இடத்துல ஊஞ்சல், பெரிய பந்து, ட்ராம்போலின்னு போகும், இன்னொரு இடத்துல சட்டை பட்டன் போடறது, இட்லியைப் பிச்சு சட்னில தொட்டு சாப்பிடறது, செருப்பு மாட்டறதுன்னு அந்த வேலையையே திரும்பத் திரும்ப செய்ய வைப்பாங்க, நாலு வயசுப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போற அம்மா அப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். ஆனா ரெண்டோட கணக்கே வேற.

ஊஞ்சல் ரூம்ல நடக்கறது சென்சரி இன்டெக்ரேஷன். கலிஃபோர்னியால இருந்த ஜீன் ஏர்ஸ்ங்கற ஓ.டி. தெரபிஸ்ட் உருவாக்கினது, 1972ல இதைப் பத்தி அவங்க புத்தகமும் வந்துச்சு. உள்காதுல இருக்கற பேலன்ஸ், தசை மூட்டுல இருந்து வர்ற உணர்வு, தொடு உணர்வு இதையெல்லாம் மூளை சரியா சேர்த்து எடுத்துக்கலேன்னா அசைவும் தடுமாறும் கத்துக்கறதும் தடுமாறும், அதனால விளையாட்டு மூலமா அந்த உணர்வுகளைக் கொடுத்து அடித்தளத்தை சரி பண்ணணும், அப்புறம் மத்ததெல்லாம் சுலபமா வரும்னு அவங்க நினைச்சாங்க. ரெண்டாவது வகை இதுக்கு நேர் எதிர். அடித்தளத்துல ஆரம்பிக்காது, இந்தக் குழந்தை எந்த வேலைல மாட்டிக்குதோ அங்கயே ஆரம்பிக்கும், வேலையைத் துண்டு துண்டா பிரிச்சு, தேவைப்பட்டா பெரிய பட்டனா மாத்தி, நிஜமான சட்டைலயே பழக்கும்.

எதுக்கு ஆதாரம் இருக்குன்னு பார்த்தா, எந்தப் பிள்ளைக்குங்கறதைப் பொறுத்து பதில் மாறுது. செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால உடம்பு அசைவு தடுமாறற பிள்ளைங்களுக்கான சிகிச்சைகளை எல்லாம் அலசி ஆஸ்திரேலியாவோட அயோனா நோவாக் குழு 2013ல சிக்னல் விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சாங்க. குறிக்கோள் வெச்சு செய்யற பயிற்சி, வீட்டுப் பயிற்சி, ஒரு பக்கம் பலவீனமா இருக்கற பிள்ளைக்கு நல்ல கையைக் கட்டிப்போட்டு மத்த கையை வேலை வாங்கறது, இதெல்லாம் பச்சை. சென்சரி இன்டெக்ரேஷன் சிவப்பு. குழந்தையோட உடம்பைத் தெரபிஸ்ட் கையால பிடிச்சு அசைச்சு வழிப்படுத்தற பழைய போபாத் முறையும் சிவப்புல, அதை நம்ம ஊர்ல பல இடத்துல இன்னும் மணிக்கணக்குல செய்யறாங்க, பெத்தவங்க பக்கத்துல உக்காந்து பார்த்துட்டே இருக்காங்க, அதைப் பார்க்கவே எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். கை கால் தடுமாற்றம் மட்டும் இருக்கற டி.சி.டி. பிள்ளைங்களுக்கும் 2019ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் வேலையை மையமா வெச்ச பயிற்சியைத்தான் சிபாரிசு பண்ணுது.

ஆட்டிசத்துல படம் கொஞ்சம் குழப்பம். 2014ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 32 பிள்ளைங்க, சென்சரி இன்டெக்ரேஷன் செஷன் 30 எடுத்தவங்க குடும்பம் கேட்ட குறிக்கோள்ல நல்லா முன்னேறினாங்க. பிரிட்டன்ல 138 பிள்ளைங்களை வெச்சு செஞ்ச பெரிய ஆய்வு 2022ல வந்துச்சு, அதுல வழக்கமா கிடைக்கற கவனிப்பை விட கூடுதலா பலன் தெரியல. நான் கவனிச்சது என்னன்னா, முதல் ஆய்வுல ஊஞ்சல் ஆடறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுல என்ன மாறணும்னு தெளிவா எழுதி வெச்சிருந்தாங்க, நம்ம சென்டர்கள்ல முக்கியமா விட்டுப்போறது அதுதான்.

அதுக்காக ஊஞ்சலே வேண்டாம்னு சொல்ல வரல. மிக்ஸி சத்தத்துக்கு அலர்ற பிள்ளை, தலைமுடி வெட்ட விடாத பிள்ளை, ஒரு நிமிஷம் உக்கார முடியாத பிள்ளைக்கு முதல்ல உடம்பு அமைதியாகணும், இல்லேன்னா பட்டனை எப்படிப் பழக்கறது? அழாம உள்ள போறதும் பெரிய விஷயம்தான், அதைக் குறைச்சு பேசக்கூடாது. ஆனா அப்படி எந்தச் சிரமமும் இல்லாத, கை வேலை மட்டும் வராத பிள்ளையை மாசக்கணக்குல ஆட்டிட்டே இருக்கறது எனக்கு ஒப்பல. காசும் நேரமும் குறைவா இருந்தா நான் பட்டன் பக்கம்தான் நிப்பேன்.

கனடால உருவான கோ-ஆப்னு ஒரு முறையும் இருக்கு. என்ன கத்துக்கணும்னு குழந்தையே சொல்லும், எப்படி செய்யலாம்னு தானே யோசிச்சு செஞ்சு பார்த்து சரி பண்ணிக்கும், சைக்கிள் ஓட்டறதுக்கெல்லாம் அருமையா ஒத்து வரும். ஆனா பேசி யோசிக்கற அளவு வளர்ந்த பிள்ளைக்குத்தான், மூணு வயசுக்குச் சரிப்படாது.

எந்த முறையா இருந்தாலும் வாரத்துக்கு ரெண்டு மணி நேரத்துல முடியாது, மீதி நாள் பூரா பிள்ளை நம்ம கூடத்தான் இருக்கு. கதவைச் சாத்திட்டு உள்ள கூட்டிட்டுப் போய், முடிஞ்சதும் நல்லா செஞ்சான்மான்னு மட்டும் சொல்லி அனுப்பற இடத்தை விட, நம்மளையும் உள்ள உக்கார வெச்சு, குளிக்கறப்போ சோப்பை எப்படிப் பிடிக்க விடணும், மாடிப்படில எங்க கை கொடுக்கணும், எங்க விடணும்னு காட்டித் தர்ற இடம் எவ்வளவோ மேல், அப்படிச் சொல்லித் தர்றவங்க கிடைச்சா ஊஞ்சல் இல்லாத சின்ன ரூமா இருந்தாலும் அங்கயே போங்க. சேர்றப்பவே மூணு மாசத்துல என் பிள்ளை எந்த வேலையைச் செய்யணும்னு எதிர்பார்க்கறீங்க, அதை எப்படி அளப்பீங்கன்னு கேட்டு எழுதி வாங்கிக்குங்க. கை வசம் காசு இல்லேன்னா மாவட்டத்துல இருக்கற அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையத்துல இலவசமா பார்க்கறாங்க, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, அறிவுசார் குறைபாடு இருக்கற பிள்ளைங்களுக்கு மத்திய அரசோட நிராமயா இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் உண்டு, அதுக்குள்ள தெரபி செலவுக்குன்னு ஒரு வரம்பும் இருக்கு, பில்லை பத்திரமா வெச்சுக்குங்க.