கத்திரி வெயில்ல ஆச்சிய விட்டிருந்த முதியோர் இல்லம்: 5க்கு மூணரை

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன், வீட்ல ஆச்சிய பாத்துக்க ஆளில்ல, சரின்னு மே மாசம் முழுக்க பாளையங்கோட்டை பக்கம் ஒரு இல்லத்துல விட்டோம். பேர் போடல, குறையும் சொல்லப்போறேன்லா. நம்ம ஊரு கத்திரி தெரியும், 40 டிகிரிய தொட்டுரும், ராத்திரி படுத்தா மொட்டை மாடி சூடு அப்படியே கீழ இறங்கும்.

ஆச்சிக்கு 84 வயசு, மறதி உண்டு. தாகம்னு வாய் தெறந்து கேக்க மாட்டாவ. வயசானாலே தாகம் சரியா தெரியாதாம், இதுல பிரஷருக்கு நீர் பிரியுத மாத்திரை வேற. பத்தாததுக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு போர்வைய இழுத்து போத்திக்கிடுவாவ. மொதல்ல பாத்த வேற ஒரு இடத்துல ஏசி எல்லாம் இருந்துச்சு, "தண்ணி கேட்டா குடுப்போம் சார்"ன்னாவ. கேக்கத் தெரியாதவங்களுக்குத்தானய்யா இல்லமே, கேட்டா குடுப்பாவளாம்! அப்பவே கெளம்பிட்டோம்.

இங்க ஏசி கெடையாது, ஆனா மணிக்கொருக்கா ஒரு அக்கா டம்ளரோட வந்து கையில குடுத்து, குடிச்சு முடிக்குத வரைக்கும் பக்கத்துலயே நிக்காவ, அப்புறம்தான் நோட்டுல டிக். காருகுறிச்சி பானை தண்ணி, மோர், காலைல நீராகாரம், வாய மூடிக்கிட்டு அடம்புடிக்கவங்களுக்கு நுங்கும் தர்பூசணியும். இதயம், கிட்னி பிரச்சனை உள்ளவங்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான், அது தனி நோட்டு. ஒண்ணுக்கு மஞ்சளா போனாக்கூட எழுதி வைக்காவ. காத்தே அனலா அடிக்கும்போது சும்மா ஃபேன போட்டா சூட்டத்தான் அள்ளி வீசும்னு ஈரத்துணியால உடம்ப தொடச்சிட்டுத்தான் போடுதாவ. இந்த அக்காவுக்கு மட்டும்னா அஞ்சுக்கு அஞ்சு.

இப்ப குறை. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு ஆள்தான். ஒரு ஞாயிறு கரண்டும் போச்சு, நான் சும்மா எட்டிப்பாக்க மூணு மணிக்கு போனா ஆச்சி என்னைய செத்துப்போன தாத்தா பேரச் சொல்லி கூப்புடுதாவ. இருந்த பொண்ணு "எப்பவும் மறதிதானே"ன்னுச்சு. எப்பவும் என்னைய அடையாளம் தெரியும்மா! தொட்டா உடம்பு கொதிக்கு, தெர்மாமீட்டர்ல 102. வராண்டாவுக்கு கொண்டுவந்து, கழுத்து, அக்குள்னு ஈரத்துணி வச்சு விசிறினோம், டாக்டர் வந்து டிரிப் போட்டாரு, சாயங்காலம் தெளிஞ்சிட்டாவ. வெயில் நேரத்துல புதுசா உளறுனா மறதி கணக்குல எழுதாதீங்க, 104 தொட்டு உளறுனா ஒரு நிமிஷம் நிக்காம 108 கூப்புடுங்க, கூப்புட்டுட்டே உடம்ப நனைங்கன்னு அவர் அந்தப் பொண்ண நிறுத்தி வச்சு சொன்னாரு. நெனவில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக்கூடாதுன்னும் சொன்னாரு, நம்மாளுங்க மொதல்ல செய்யுதது அதத்தான்.

சத்தம் போட்டேன். அடுத்த ஞாயிறு சொல்லாம கொள்ளாம போயி பாத்தேன், ரெண்டு பேர் இருந்தாவ. இன்வெர்ட்டர் மட்டும் நாங்க ஆச்சிய கூட்டிட்டு வர்ற வரைக்கும் வரல.

சேக்கணும்னா மேக்க பாத்த ரூம் குடுத்தா வாங்காதீங்க, சாயங்கால வெயில் நேரா கட்டில்லதான் விழும்.