வாவி இறாலும் குளத்து இறாலும்

ஆங்கிலத்தில் ‘பிரான்’, ‘ஷ்ரிம்ப்’ என இரண்டு பெயர்கள் இருந்தாலும், அமெரிக்கர் ஷ்ரிம்ப் என்று விற்கும் அதே புலி இறாலை நம் நாட்டு உணவகங்கள் பிரான் என்றே எழுதுகின்றன. பெரியது பிரான், சிறியது ஷ்ரிம்ப் என்ற கணக்கும் நிற்காது: கூனியாகக் காயவைக்கப்படும் அசெட்டஸ் என்ற பொடி இறால் உடலமைப்பில் புலி இறாலின் பிரிவையே சேர்ந்தது, ஒரு சாணுக்கு மேல் வளரும் நன்னீர் இறாலோ மற்றப் பிரிவைச் சேர்ந்தது. ஆகவே பெயரை விட்டு, மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் வெள்ளை இறாலையும் புலி இறாலையும் ஒரு பக்கமும், குளத்து நன்னீர் இறாலை மறுபக்கமும் வைத்துப் பார்ப்பதே பயன் தரும்.

சந்தையிலேயே இரண்டையும் பிரித்தறியலாம். வாவி இறாலின் ஓட்டு வளையங்கள் கூரை ஓடுகளைப் போல முன்னது பின்னதன்மேல் படிந்திருக்கும். நன்னீர் இறாலில் இரண்டாம் வளையத்தின் பக்கத்தகடு அகன்று, முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் மூடும். வயிற்றடியில் முட்டை சுமந்த இறால் கிடைத்தால், அது வாவி இறால் அன்று என்று உறுதியாகச் சொல்லலாம். ஏனெனில் வாவி இறால் தன் முட்டைகளைக் கடல்நீரிலேயே விட்டுவிடுகிறது.

உண்மையான வேற்றுமை இந்த இனப்பெருக்கத்தில்தான் இருக்கிறது. வாவி இறால் கடலில் முட்டையிட, அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக வாவிக்குள் வந்து வளர்கின்றன; கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்தால் அந்த வரவும் தடைப்படும். நன்னீர் இறாலின் பயணம் நேர்மாறானது. ஆற்றில் வளரும் தாய், சுமந்த முட்டைகள் பொரியும் காலத்தில் உவர்நீரை நோக்கி இறங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குடம்பிகள் உப்பில்லாமல் பிழைக்காதவை. அதனால் உன்னிச்சைக் குளம், சேனநாயக்க சமுத்திரம் போன்ற அணைகட்டிய நீர்நிலைகளில் விடப்படும் குஞ்சுகள் வளருமே தவிரப் பெருகமாட்டா. மீண்டும் மீண்டும் புதுக் குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

சமையலில் என் சாய்வு வாவி இறாலுக்கே. நன்னீர் இறாலின் பருமன் கண்ணை ஈர்த்தாலும் தலை பெரிது, ஆகவே கிலோவுக்குக் கிடைக்கும் சதை குறைவு. தலையிலுள்ள செரிமான நொதிகள் சதைக்குள் கசிவதால், ஐஸ் இடாமல் வைத்தால் விரைவில் குழைந்தும் போகும். வாங்குபவர்கள் தாமதமின்றித் தலையை நீக்கிவிடுவது நல்லது. ஆனால் அந்தத் தலையை எறிந்துவிடவேண்டியதில்லை. அதன் கொழுப்பு இறங்கிய குழம்பின் சுவையை வாவி இறால் தருவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.