பெயின்ட் ஸ்டிக்கா, கலர் பென்சிலா? ஒரே தாமரைக்கு ஆறு தடவை நிறம் தீட்டிப் பார்த்தேன்

ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் ஒரே படத்தை ஆறு போட்டோக்கொப்பி எடுத்தேன். நடுவில் பெரிய தாமரை, சுற்றிவரக் கொடி, கொடிக்குள் சின்னச் சின்ன மொட்டு, நான்கு மூலையிலும் வெறும் இடம். பெரியவர்களுக்கான நிறந்தீட்டும் புத்தகங்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். ஒரே பக்கத்தில் நெல்மணி அளவு கட்டமும் இருக்கும், உள்ளங்கை அளவு வெளியும் இருக்கும். எந்தக் கலரை எடுத்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொள்வோம்.

கொழும்பில் வேலை செய்யும் தம்பி ஒரு பெட்டி டெம்பரா பெயின்ட் ஸ்டிக் வாங்கிக் கொடுத்திருந்தான். பன்னிரண்டு நிறம். பெட்டியில் சின்னப் பிள்ளைகளின் படம்தான் போட்டிருந்தது. பாலர் பாடசாலைச் சாமானை நம் புத்தகத்தில் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. அதனோடு கலர் பென்சில், பிளாட்டிக்னம் என்று நாம் சொல்லும் ஃபெல்ட் பேனா, ஒயில் பாஸ்டல், தண்ணீர்க் கலர் பென்சில், ஜெல் பேனா ஐந்தையும் மேசையில் வைத்து, ஜூலை மாதம் முழுவதும் இரவில் உட்கார்ந்தேன்.

பெயின்ட் ஸ்டிக்கைப் பார்க்காதவர்களுக்காக: பசைக் குச்சி மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய். அடியைத் திருகினால் கலர் மேலே வரும். தொட்டால் லிப்ஸ்டிக்குக்கும் சோப்புக்கும் நடுவே ஒரு மாதிரி இருக்கும். தூரிகையும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தேய்த்தவுடன் ஈரமாக, கட்டியாக ஒரு பூச்சு விழும். கொஞ்ச நேரத்தில் அது காய்ந்து மங்கலான, பளபளப்பில்லாத வர்ணமாகிவிடும். விரலால் தொட்டால் ஒட்டாது. பாஸ்டலுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான்.

காய்கிற விஷயத்தில் நம் ஊருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வகைக் குச்சிகளின் பெட்டியில் பெரும்பாலும் 90 விநாடியில் காயும் என்று போட்டிருக்கும். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேரே நம் பக்கச் சரிவில்தான் அடிக்கும். ஜன்னலைத் திறந்தால் மிஸ்ட் வீட்டுக்குள் வந்து உட்காரும், கடதாசி தொட்டாலே நமத்துப்போன மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட ஒரு இரவில் தடித்த பூச்சு காய நாலு, ஐந்து நிமிடம் எடுத்தது. அடுத்த வாரம் அதே பெட்டியோடு பண்டாரவளையில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஜூலையில் ஊவாப் பக்கம் மழை இல்லை, காய்ந்த காற்றுதான். அங்கே ஒன்றரை நிமிடம்கூட எடுக்கவில்லை. மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனதும் அதே குச்சி வேறு குச்சியாகிவிட்டது. அக்காவுக்கு அது ஆச்சரியமே இல்லை, அவள் வீட்டுத் துணியும் அப்படித்தான் காய்கிறது.

ஹட்டனில் முதல் நாள் இது தெரியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காலையில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது தாமரையின் ஒரு இதழ் எதிர்ப்பக்கத்து மயிலோடு போய்விட்டது. அதிலிருந்து நடுவில் ஒரு வெறும் கடதாசி வைக்காமல் புத்தகத்தை மூடுவதில்லை. பாஸ்டல் பக்கத்துக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேண்டும். ஒயில் பாஸ்டல் முழுதாகக் காயவே காயாது. ஒரு மாதம் கழித்துத் தொட்டாலும் விரலில் வரும். நிறம் என்னவோ அழகுதான், இரண்டு கலரை விரலால் குழைத்தால் சூரியன் மறையும் வானம் வந்துவிடும். தனித் தாளில் வரைந்து கண்ணாடிக்குள் மாட்டுவதென்றால் பாஸ்டலை யாரும் தாராளமாக எடுக்கலாம். மூடி வைக்கிற புத்தகத்துக்கு அது ஒத்துவராது என்பது என் முடிவு.

பிளாட்டிக்னத்தையும் சீக்கிரம் முடித்துவிடலாம். பளிச்சென்று இருக்கும், சின்னக் கட்டத்துக்குள் சரியாகப் போகும். ஆனால் பெரிய இடத்தில் கோடு கோடாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட மேலே மேலே தேய்த்தால் ஈரத்தில் கடதாசியின் மேல்தோல் திரிதிரியாக எழும்பும். 80 ஜி.எஸ்.எம். போட்டோக்கொப்பித் தாளில் பின்பக்கமும் நிழல் விழுந்தது. இரண்டு பக்கமும் படம் அச்சடித்த புத்தகத்தில் பின்பக்கப் படத்தை மறந்துவிட வேண்டியதுதான். தண்ணீர்க் கலர் பென்சில் தூரிகை பட்டவுடன் அழகாகக் கரைந்து ஓடியது, கடதாசியோ அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. தடித்த தாளில் அச்சடித்த புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன். ஜெல் பேனாவை முழுப் பக்கத்துக்கும் போட யாரும் நினைக்க மாட்டார்கள், ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

சரி, உண்மையான போட்டி பெயின்ட் ஸ்டிக்குக்கும் கலர் பென்சிலுக்கும்தான்.

கலர் பென்சிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் சொல்ல மனம் வராது. இதழின் அடியில் அழுத்தி, நுனிக்கு வரவர கையை லேசாக்கினால், ஒரே ரோஸ் நிறத்தில் ஐந்து சாயல் கிடைக்கும். அதன் மேல் கொஞ்சம் ஊதா, அதன் மேல் திரும்ப ரோஸ். இப்படி அடுக்கடுக்காகப் போட்டால் தாமரை தட்டையாக இல்லாமல் எழும்பி நிற்கும். கூர் சீவிய பென்சில் மொட்டின் காம்புக்குள்ளும் போகும். ஈரம் இல்லாததால் மழைக்காலத்துக்கும் பயமில்லை. கடதாசி நமத்துப் போயிருந்தால் நிறம் கொஞ்சம் மங்கலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். நம் அட்லஸ் பென்சில் சின்ன டவுனிலும் கிடைக்கும், பெயின்ட் ஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கும் காசில் பென்சில் பெட்டி இரண்டு மூன்று வாங்கலாம்.

பென்சில் தோற்பது அந்த நான்கு மூலையில்தான். உள்ளங்கை அளவு இடத்தைக் கடும் நீலமாக்க எனக்கு நாற்பது நிமிடம் போனது. மணிக்கட்டு வலித்தது. வலித்தும், கடதாசியின் மேடுபள்ளத்தில் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே நின்றன. அதே மூலையை அடுத்த கொப்பியில் பெயின்ட் ஸ்டிக்கால் இரண்டு நிமிடத்தில் மூடினேன். வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. வர்ணம் கடதாசிக்குள் ஊறாமல் மேலேயே உட்காருவதால் பின்பக்கமும் சுத்தம், தாளும் நெளியவில்லை. ஐந்து போட்டியாளர்களையும் இந்த ஒரு இடத்தில் பெயின்ட் ஸ்டிக் நின்ற இடம் தெரியாமல் ஆக்கிவிட்டது.

ஆனால் அதன் நுனி என் சுண்டுவிரல் நுனியைவிட அகலம். கொடியின் இலைக்குள் போட்டால் பக்கத்து இலைக்கும் சேர்த்து விழும். இன்னொன்று: வர்ணம் கட்டியானது என்பதால் அச்சடித்த கறுப்புக் கோட்டையும் மூடிவிடும். பென்சிலுக்கு அடியில் கோடு எப்போதும் தெரியும், இங்கே கோடு காணாமல் போகும். பெயின்ட் ஸ்டிக் போட்ட முதல் கொப்பியில் தாமரையின் பாதி இதழ்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சிவப்புக் குவியலாக நின்றபோது, இது நமக்கு ஆகாது என்றுதான் நினைத்தேன்.

அப்போது நினைவுக்கு வந்தது கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தெகல்தொருவ குகை விகாரை. நாயக்கர் வம்சத்து மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டான். அவன் காலத்தில் தொடங்கிய விகாரை அது. சுவர் முழுக்க ஜாதகக் கதைகள், அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகள், வரிசை வரிசையாக. அவையும் டெம்பரா முறைதான். டெம்பரா என்றால் வர்ணத் தூளைத் தண்ணீரில் கரையும் ஒரு பிசினோடு சேர்த்து, காய்ந்த பரப்பின் மேல் பூசுவது. ஐரோப்பாவில் முட்டை மஞ்சள்கரு சேர்த்தார்கள், கண்டிச் சித்திரக்காரர்கள் விளாம்பிசின் சேர்த்தார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம் என்ற கனிமம், வெள்ளைக்கு ஒரு வகைக் களிமண், கறுப்புக்கு விளக்குக் கரி. பிள்ளைகளின் பெயின்ட் ஸ்டிக்கில் முட்டையும் இல்லை, விளாம்பிசினும் இல்லை. ஆனாலும் பூச்சின் குணம் ஒன்றுதான்: மங்கல், கட்டி, தட்டை. அந்தச் சுவரில் பின்னணி முழுவதும் ஒரே சிவப்பு. உருவங்களுக்கு நிழலே கிடையாது. தட்டையாக நிரப்பிய நிறத்தின் மேல் மெல்லிய கோடு ஓடும், முகமும் விரலும் ஆடையின் மடிப்பும் அந்தக் கோட்டில்தான் உயிர் பெறும்.

நான் பென்சிலின் வேலையை இந்தக் குச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கோட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது பென்சிலின் சட்டம். டெம்பராவில் முதலில் நிறம், கோடு பிறகு. நான்காவது கொப்பியில் அப்படியே செய்தேன். தாமரையை முழுவதும் ரோஸால் மூடினேன், கோடு போனால் போகட்டும் என்று விட்டேன். காய்ந்ததும் கறுப்பு ஜெல் பேனாவால் இதழ்களைத் திரும்ப வரைந்தேன். ஜெல் பேனாவுக்கு இருக்கிறது என்று சொன்ன வேலை இதுதான். பேனாவை அழுத்தாமல், நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் வரைய வேண்டும், இல்லாவிட்டால் நுனியில் வர்ணம் அடைத்து மை வராது. பக்கத்தில் ஒரு பழைய தாளை வைத்து அடிக்கடி கிறுக்கித் துடைத்துக்கொண்டேன். அந்தத் தாமரை அச்சடித்த தாமரை மாதிரி இல்லை. இதழ்கள் கொஞ்சம் கோணல், ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். ஆறு கொப்பிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சின்ன இடங்களுக்கும் வழி உண்டு. குச்சியை ஒரு பிளாஸ்டிக் மூடியில் அழுத்தித் தேய்த்து, ஈரம் காயும் முன் பஞ்சுக் குச்சியாலோ லேசாக நனைத்த மெல்லிய தூரிகையாலோ எடுத்துப் போடலாம். தூரிகையில் தண்ணீர் கூடினால் நிறம் வெளுத்துவிடும், தாளும் நெளியும். இரண்டு நிறத்தைக் கலக்க வேண்டுமென்றால் ஒரு நிமிடத்துக்குள் கலந்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் குழையாது. இதில் மட்டும் ஹட்டன் மழை நமக்குச் சாதகம், கலக்க நேரம் அதிகம் கிடைக்கும். ஈரமாக இருக்கும்போது பற்குச்சியால் கீறினால் அடியில் இருக்கும் வெள்ளை தெரியும், இலை நரம்புக்கு அழகாக வரும். தேய்க்கும்போது சின்னச் சின்னத் துகள் உதிரும். அதைக் கையால் தட்டினால் பக்கமெல்லாம் இழுபடும், ஊதித்தான் விட வேண்டும். குளிர்ந்த காலையில் குச்சி கட்டியாகி வழுக்கும், அப்போது உள்ளங்கைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் சரியாகும். முடித்ததும் திருகி உள்ளே இறக்கி மூடியைப் போடாவிட்டால் நுனி காய்ந்து ஓடு பிடிக்கும். பிடித்தால் ஓட்டைச் சுரண்டிவிட்டுப் பாவிக்கலாம்.

ஐந்தாவது கொப்பி கலப்பு: மூலைகளுக்கும் பெரிய இலைகளுக்கும் பெயின்ட் ஸ்டிக், தாமரைக்கும் மொட்டுகளுக்கும் பென்சில். காய்ந்த டெம்பராவின் மேல் பென்சில் ஓடும், கடும்பச்சை இலையில் மஞ்சள் பென்சிலால் வெயில் விழுகிற மாதிரி நாலு கோடு இழுக்கலாம். புத்தகத்தை ஒழுங்காக, கோடு கலையாமல் முடிக்க விரும்புகிறவர்களுக்கு இந்தக் கலப்பைத்தான் சொல்வேன். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பென்சிலை வாங்குங்கள்.

இப்படி எழுதி முடித்திருப்பேன், ஆறாவது கொப்பியை அம்மா எடுக்காமல் இருந்திருந்தால்.

அம்மா முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இப்போது முழுதாக மடங்குவதில்லை, மழைக்காலத்தில் மூட்டு வீங்கும். நான் முன்பு கலர் பென்சில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு இதழ் போடுவதற்குள் பென்சில் விரலில் நழுவும், கீழே வைத்துவிடுவார், பிறகு கேட்டால் கண் தெரியவில்லை என்பார். அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தபோது பெயின்ட் ஸ்டிக்கைத் தானாகவே எடுத்திருக்கிறார். வந்து பார்த்தால் குச்சியை விரலால் பிடிக்கவில்லை, சப்பாத்திக் கட்டையைப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் அடக்கிப் பிடித்திருந்தார். அழுத்த வேண்டிய தேவையே இல்லை, தொட்டாலே நிறம் விழுகிறது. "இது பிடிக்க லேசா இருக்கு புள்ள" என்றார். தாமரைக்கு ரோஸ் போடவில்லை. முழுவதும் சிவப்பு. கொடியும் சிவப்பு. மூலைகளுக்கு மஞ்சள்.

கோடு மூடிப்போனதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. நான் ஜெல் பேனாவை எடுத்தபோது மட்டும், "இரு, காயட்டும்" என்றார். காய்ந்ததும் எந்த இதழ் எங்கே முடிகிறது என்று விரலால் காட்டினார், நான் வரைந்தேன்.

அதனால் கை நடுங்குகிறவர்களுக்கு, மூட்டு வலி உள்ளவர்களுக்கு, என் தேர்வு பென்சில் இல்லை, பெயின்ட் ஸ்டிக்தான். அவர்களுக்கு வாங்கும்போது கோடு தடித்த, கட்டம் பெரிய படங்களாகப் பார்த்துக் கொடுங்கள். பூப் படம் ஒன்றை இரண்டு மடங்காகப் பெருப்பித்துக் கொப்பி எடுத்தாலே போதும். பெருப்பிக்கும்போது தாளுக்குப் பதிலாக மெல்லிய பிரிஸ்டல் போர்டு அட்டையில் எடுத்தால் இன்னும் நல்லது. போட்டோக்கொப்பிக் கோடு ஈரத்தில் கலையாது. வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த கோடு ஈரம் பட்டால் பெரும்பாலும் கசிந்துவிடும்.

ஒரு குறையை நான் முன்கூட்டி நினைக்கவில்லை. நான் தேடிய கடைகளில் இந்தக் குச்சி தனித்தனி நிறமாகக் கிடைக்கவில்லை, பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். எங்கள் பெட்டியில் பழுப்பும் ஊதாவும் கறுப்பும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கின்றன. சிவப்பைத் திருகினால் வெறும் பிளாஸ்டிக் அடிதான் மேலே வருகிறது. தம்பி அடுத்த மாதம் தீபாவளிக்கு வருகிறான், இன்னொரு பெட்டி சொல்லிவிட்டிருக்கிறோம்.