அம்மம்மான்ர கால் மெசினா, புதுக் கரண்ட் மெசினா? சந்தைக்குத் தைக்கிற ஆக்களுக்கு

ரெண்டு தையல் மெசினும் எங்கட விறாந்தையில பக்கத்தில பக்கத்தில நிக்குது. ஒண்டு அம்மம்மான்ர கறுத்த சிங்கர் கால் மெசின், மற்றது ஒண்டரை வருஷத்துக்கு முந்தி நான் காசு சேர்த்து வாங்கின வெள்ளைக் கரண்ட் மெசின், சிக்சாக், அதுதான் வளைஞ்சு வளைஞ்சு போற தையல், எல்லாம் அடிக்கும். கைவினைச் சந்தையளில ஸ்டோல் போடத் தொடங்கினதில இருந்து பெட்டையள் என்னட்டக் கேக்கிறது ஒரே கேள்வி தான், அக்கா எந்த மெசின் வாங்கிறது எண்டு. ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டு விளங்கப்படுத்திறதிலும் பார்க்க ஒருக்கா வடிவா எழுதி வைப்பம் எண்டு இருக்கிறன். முதலே சொல்லிப்போடுறன், நான் கால் மெசின் பக்கம்.

கரண்ட் மெசின்ர நல்லது எல்லாருக்கும் தெரியும். கெதியாத் தைக்கும், பாரம் குறைவு, தெறிக்கு ஓட்டை அடிக்கலாம், இழுபடுற ரீசேட் துணியும் தைக்கலாம். குழந்தைப் பிள்ளையளின்ர பனியன் துணி உடுப்புத் தான் தைக்கப் போறீங்கள் எண்டால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை, கரண்ட் மெசினையே வாங்குங்கோ, கால் மெசின் நேர்த்தையல் மட்டும் தான்.

நான் தைக்கிறது வேற. கன்வஸ் பாக், சிப் வைச்ச சின்னப் பேர்ஸ், பழைய நூல் சேலையை வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வை, பிறகு பனையோலைப் பைக்கு உள்ளுக்குத் துணி வைச்சுத் தைக்கிறது. இந்தக் கடைசி வேலையில தான் ரெண்டு மெசின்ர குணமும் வெளிச்சமாத் தெரியும். ஓலையின்ர வாய்ப்பக்கத்தில ஓலை ரெண்டு மடிப்பு, அதுக்கு மேல லைனிங், அதுக்கு மேல பட்டி. கரண்ட் மெசின் அந்த இடத்துக்கு வந்தால் ம்ம்ம் எண்டு முனகிக்கொண்டு நிண்டுடும், பெடலை இன்னும் அமத்தினால் ஒரேயடியாப் பாய்ஞ்சு ஊசி முறியும், ஓலையும் கிழிஞ்சு போடும். கால் மெசினில காலை நிப்பாட்டிப்போட்டு வலக்கையால சில்லைப் பிடிச்சு ஒவ்வொரு தையலா இறக்கலாம், 16ஆம் நம்பர் ஊசி டக் எண்டு ஓலைக்குள்ள இறங்கிற சத்தம் கேக்கும், அது கேட்டாப் பிறகு தான் அடுத்த தையல். ஓலையைக் கொஞ்சம் ஈரத்துணியால துடைச்சுப்போட்டுத் தைச்சால் வெடிக்காது. தையலையும் நீட்டமா வைக்கவேணும், கிட்டக் கிட்டத் தைச்சால் முத்திரை கிழிக்கிற மாதிரி ஓலை அந்த வழியே பிரிஞ்சு போயிடும்.

ஆனா நான் கால் மெசின் எண்டு சொல்லுறதுக்கு உண்மையான காரணம் அதில்லை, பழுதானால் என்ன நடக்கும் எண்டது தான்.

போன வருஷம் ஒரு சந்தைக்கு ஒம்பது நாள் இருக்கேக்க கரண்ட் மெசின் நிண்டிட்டுது. மோட்டர் சுத்துது, ஊசி அசையேல்ல. திருத்திற இடத்துக்குக் கொண்டுபோனன், உள்ளுக்குப் பிளாஸ்டிக் கியர் ஒண்டு பல்லு உடைஞ்சு போச்சாம், இஞ்ச சாமான் இல்லை கொழும்புக்குத் தான் அனுப்பவேணும் எண்டினம். எப்ப வரும் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியேல்ல. சந்தை முடிஞ்சு மூண்டு கிழமைக்குப் பிறகு தான் மெசின் திரும்பி வந்தது. நாற்பது பேர்ஸ் வெட்டி அடுக்கி வைச்சிருந்தனான், அண்டு பின்னேரம் விறாந்தையில இருந்து எனக்கு அழுகை தான் வந்தது. அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, கால் மெசினுக்கு மேல இருந்த சாமி பூச்சாடியை இறக்கிப்போட்டு மூடியைத் திறந்து எண்ணெய் விட்டா. நாற்பதும் அதில தான் தைச்சு முடிச்சன்.

அந்தக் கறுத்த மெசின்ர நம்பரைப் பார்த்தால் 1950களில ஸ்கொட்லாந்தில கிளைட்பாங்க் பக்டரியில செய்தது. அந்தப் பக்டரியை 1980 இலேயே மூடியாச்சு. ஆனா போன மாசம் பொபின் கேஸ், அதுதான் கீழ் நூல் சுத்தின பொபினை வைக்கிற கூடு, தேஞ்சு போச்சு எண்டு ரவுணுக்குப் போய்ப் புதுசு வாங்கிக்கொண்டு வந்து போட்டன், அப்பிடியே பொருந்திச்சு. ஏனெண்டால் எங்கடை சிங்கரின்ர 15ஆம் ரகம், அந்த வடிவத்தைப் பார்த்து இந்தியா, ஜப்பான், சீனா எல்லா இடமும் செய்தவை, இன்னும் செய்யினம், பொபின், ஊசி, ஷட்டில் எல்லாம் ஒண்டுக்கொண்டு சேரும். தோல் பெல்ட் தளர்ந்தால் ஒரு அங்குலம் வெட்டிப்போட்டுக் கம்பிக் கொளுக்கியால திருப்பிப் பூட்டினால் சரி. மிச்சமெல்லாம் இரும்பு. ஊரில சைக்கிள் திருத்தத் தெரிஞ்ச எந்த அண்ணாவும் அதைக் கழட்டிப் பூட்டுவார்.

ஒரு விஷயம் மட்டும் கவனம், தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ. கொஞ்ச நாளையில பிசின் மாதிரி இறுகிப்போடும், அதோட தான் கனபேர் மெசின் பழுது எண்டு மூலையில போட்டவை. அப்பிடி இறுகினதுக்கு ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு விடவேணும், அடுத்தநாள் மெதுவா ஆட்டி ஆட்டிச் சுத்தினால் இளகும், பிறகு துடைச்சுப்போட்டு மெசின் எண்ணெய். மோட்டர் பூட்டின மெசினுக்கு இதைச் செய்யக்கூடாது.

கரண்டைப் பற்றி யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கட் பண்ணேக்கயும் நான் வெளிச்சம் வாற பக்கம் மெசினைத் திருப்பி வைச்சுத் தைச்சுக்கொண்டு தான் இருந்தனான். அதுக்கு முந்தி 90களில வருஷக்கணக்காக் கரண்டே இல்லாத காலத்தில அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கில பள்ளிக்கூடச் சட்டை தைச்சு வீட்டைப் பார்த்தவா. 95 ஐப்பசியில சண்டையால யாழ்ப்பாணத்துச் சனம் எல்லாம் வெளிக்கிட்ட இடப்பெயர்வில ஸ்டாண்டை விட்டுப்போட்டு மெசின்ர தலையை மட்டும் கழட்டிப் பெட்சீற்றில சுத்திச் சைக்கிள் கரியரில கட்டி, நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்குத் தள்ளிக்கொண்டு போனவை. அந்தப் பாரத்தைத் தூக்கிப் பார்த்தால் தான் அது எவ்வளவு பெரிய காரியம் எண்டு விளங்கும்.

வெளிநாட்டில இருந்து மெசின் வருகுது எண்டால் இன்னொண்டு. மச்சாள் கனடாவில இருந்து தன்ர மெசினை ஆசையாக் கொண்டு வந்து தந்தவ, நல்லவேளை பெரியப்பா கீழ திருப்பிப் பார்த்தார், 120 வோல்ட். எங்கட 230 இல நேரக் குத்தியிருந்தால் மோட்டர் அந்த இடத்திலேயே எரிஞ்சிருக்கும். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் பக்கத்து மெசின் எண்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

சிக்சாக் இல்லாமல் துணி விளிம்பு நூல் பிரியாதோ எண்டு கேப்பினம். பிரியும், அதால தான் நான் விளிம்பை உள்ளுக்கு மறைச்சு ரெண்டு தரம் தைக்கப் பழகினனான், இல்லாட்டிக் குறுக்கு வெட்டின பட்டி வைச்சு மூடுவன். நேரம் போகும். ஆனா சந்தையில சனம் என்ன செய்யுது எண்டு பாருங்கோ. முற்றவெளியில நடக்கிற பெரிய வர்த்தகக் கண்காட்சி மாதிரி இல்லை இந்தச் சின்னச் சந்தையள், இருபது முப்பது மேசை, செய்த ஆளே முன்னுக்கு நிக்கும், வாற ஆக்கள் ஆறுதலாக் கையில எடுத்துப் பார்ப்பினம். ஒரு வயசான அம்மா என்ர பேர்ஸை எடுத்து வெளிப்பக்கம் பார்க்கவேயில்லை, சிப்பைத் திறந்து உள்பக்கத்தை வெளியில இழுத்து, மூலையை நகத்தால சுரண்டிப் பார்த்துப்போட்டு, "பிள்ளை, உள்ளுக்கும் தைச்சிருக்கிறாய்" எண்டா. மூண்டு வாங்கிக்கொண்டு போனவா. பக்கத்து மேசையில சவுக்காரம் செய்து வித்த தங்கச்சி அண்டைக்கே வந்து அந்தத் தையலைப் பழக்கிவிடச் சொல்லிக் கேட்டவ, எனக்குச் சந்தையில பிடிச்சதே இது தான், வித்த காசிலும் பார்க்க.

கால் மெசினைச் சந்தைக்குக் கொண்டுபோக ஏலாதே எண்டால், அதே தலைக்குக் கைபிடி பூட்டி மரத்தட்டில வைச்சால் கை மெசின். சில்லில கைபிடி பூட்ட இடம் இருக்கோ எண்டு பார்த்துத் தான் வாங்கவேணும். போன முறை அப்பிடித்தான் ஓட்டோவில கொண்டுபோய் மேசையில வைச்சன், ஒரு சின்னப் பெடியன் சில்லைச் சுத்த நான் துணியைப் பிடிக்க அவன்ர கைலேஞ்சிக்கு நாலு பக்கமும் மடிச்சுத் தைச்சம். அண்டு முழுக்க எங்கட மேசையில சனம்.

கால் மெசினுக்கு மோட்டர் பூட்டிற ஆக்களும் இருக்கினம், நான் சித்தி வீட்டில ரெண்டு நாள் தான் தைச்சுப் பார்த்தனான், நல்ல வேகம், அதுக்கு மேல சொல்ல ஏலாது. என்ர கரண்ட் மெசினும் திருத்தி வந்தாப் பிறகு ஒழுங்கா ஓடுது, மெல்லிய துணிக்கும் சிக்சாக்குக்கும் வைச்சிருக்கிறன்.

பழசு வாங்கப் போறீங்கள் எண்டால் பொபினை வெளியில எடுத்துப் பாருங்கோ. வட்டமா இருந்தால் வாங்குங்கோ. நீட்டா, படகு மாதிரிக் கூட்டுக்குள்ள இருந்தால் அது இன்னும் பழைய ரகம், வடிவு தான், ஆனா சாமான் தேடித் திரியவேணும். வாங்க முந்தி ஒருக்கா மாமி, பெரியம்மா வீடுகளில கேட்டுப் பாருங்கோ, எங்கையாவது ஒரு மூலையில துணி போட்டு மூடி, மேல பூச்சாடி வைச்சு ஒண்டு நிக்கும்.