பெட்ரோல் போட்டதும் இன்ஜின் உதறுகிறதா? ஃப்யூயல் பம்ப்பை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

காங்கயத்திலிருந்து வாரம் மூன்று நாள் கோயம்புத்தூர் போய்வருகிறேன். என்னுடையது பிஎஸ்6 பெட்ரோல் கார். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்தக் காருக்காகக் கோவையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பில்லாக 18,200 ரூபாய் கட்டினேன். கோளாறு தீரவில்லை. கடைசியில் 1,650 ரூபாய் சாமானில் முடிந்தது. இன்னொருவர் இப்படிப் பணத்தை விடக்கூடாது என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ப் நீளமாக இழுக்கும். ஸ்டார்ட் ஆனாலும் ஸ்டியரிங் வரைக்கும் உதறும், ஆர்பிஎம் முள் இறங்கி இறங்கி ஏறும், பெட்ரோல் வாடை அடிக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் தானாகவே சரியாகிவிடும். அப்புறம் அடுத்த முறை பெட்ரோல் போடும்வரை ஒரு தொந்தரவும் இருக்காது. செக் இன்ஜின் விளக்கு ஒருநாளும் எரியவில்லை.

"பெட்ரோல் போட்டவுடனே மட்டும்தாங்க இப்படி" என்று சர்வீஸ் அட்வைசரிடம் மூன்று தடவை சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது 'ஐடிலிங் பிரச்சினை'. அந்த 'மட்டும்' விட்டுப்போனது. கோளாறு எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னதே அந்த ஒரு சொல்தான்.

முதல் தடவை நாலு ஸ்பார்க் பிளக், திராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், ஸ்கேனிங் என்று 6,800 ரூபாய். அடுத்து பெட்ரோல் போட்ட அன்றே பழைய கதை. திரும்பக் கொண்டுபோனதும் ஃப்யூயல் பம்ப் போய்விட்டது என்று 11,400 ரூபாய் வாங்கினார்கள். கழற்றிய பம்ப்பைக் கேட்டால், "ஸ்க்ராப்ல போட்டாச்சுங்க சார்" என்றார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் தரவில்லை. மூன்றாம் தடவை போய் நின்றபோது, "ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்ததிலிருந்து எல்லா வண்டியும் இப்படித்தாங்க சார், பங்க்க மாத்திப் பாருங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அந்தப் பேச்சை நம்பி வழக்கமாகப் போடும் பங்க்கில் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்த மேனேஜர் கோபப்படவில்லை. ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், கறையே இல்லாமல் காய்ந்தது. அன்றைய டென்சிட்டி (அடர்த்தி) பதிவையும் எடுத்துக் காட்டினார். நாம் கேட்டால் இவற்றைக் காட்டித்தான் ஆக வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் உதறல் பத்து நிமிடத்தில் தானாக நிற்காது. ஓட ஓட இழுவை குறையும், வண்டி வெட்டி வெட்டிப் போகும். என் வண்டியில் அப்படி இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு தனி மெக்கானிக்கைப் பற்றி மச்சான் சொன்னான். நான் சொல்லி முடிப்பதற்குள், "பெட்ரோல் போட்டா மட்டுந்தானுங் தம்பி?" என்று அவரே கேட்டார். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரிலிருந்து, அதை இன்ஜினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வுக்கு வரும் ஓஸைக் கழற்றி, வால்வின் வாயில் என் விரலை வைக்கச் சொன்னார். விரல் நுனியைச் சப்பென்று உள்ளே இழுத்தது. "இந்நேரத்துக்கு இது மூடியிருக்கோணும். தொறந்தே கெடக்குது" என்றார்.

அவர் விளக்கியது இது. டேங்க்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் கரி நிரப்பிய கேனிஸ்டரில் தங்குகிறது. இன்ஜின் சூடான பிறகு, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூ சொல்லும் அளவுக்கு மட்டும் பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும். பெட்ரோல் போடும்போது ஆவி ஏராளமாகச் சேரும். வால்வு மூடாமல் நின்றுவிட்டால் அத்தனையும் ஐடிலிங்கிலேயே உள்ளே போய், கலவையில் பெட்ரோல் மிஞ்சிவிடும். ஆவி தீர்ந்ததும் வண்டி சரியாகிவிடும். பெட்ரோல் போட்ட கையோடு ஸ்கேனரை மாட்டியிருந்தால் ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோலை ஈசியூ எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) மைனஸில் ஆழமாக இறங்கியிருப்பதே காட்டிக் கொடுத்திருக்கும்.

வால்வைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். எள்ளு மாதிரி கருப்பாக நாலைந்து துகள் விழுந்தன. கேனிஸ்டர் கரி. "நாசில் கட் ஆனப்புறமும் ரவுண்டா போடச் சொல்வீங்களா?" என்றார். ஆமாம், 'டக்' என்று நின்ற பிறகும் பையன் இரண்டு மூன்று தடவை அமுக்கி ரவுண்டு தொகைக்குக் கொண்டுவருவான், நானும் சரி என்பேன். அப்படி வழியும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கினால் கரி நனைந்து கெடும்; உதிரும் துகள் வால்வில் சிக்கும். லைனை ஊதிச் சுத்தம் செய்து புது வால்வு போட்டார். கூலி 300 ரூபாய். மறுபடி துகள் வந்தால் கேனிஸ்டரையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது. அதன்பின் நாலு தடவை டேங்க் நிரப்பிவிட்டேன், முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது.

உங்களுக்கும் இதே கோளாறு என்றால், ஜாப் கார்டில் 'பெட்ரோல் போட்டவுடன் மட்டும்' என்று எழுதவைத்து, படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். பர்ஜ் வால்வைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கழற்றிய சாமானை வண்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு பில்லின் நகலோடு பதிவுத் தபால் அனுப்பி, 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். அடுத்த சர்வீஸ் இலவசம் என்று போனில் சொன்னார்கள். வேண்டாம், பம்ப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். தரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. பில், ஜாப் கார்டு, அந்தக் கரித்துகள் ஒட்டிய பழைய வால்வு எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.